எந்த நாளுக்குத் திருப்புவது?

2014ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பாரிஸ் ஏல நிறுவனமான ஆர்ட்குரியாலிலிருந்து மத்தியூ லமூர், பியேர் நோவிகோஃப் என்ற இருவர் மேற்கு பிரான்சிலுள்ள ஒரு பண்ணைக்குப் போனார்கள். தாத்தா வாங்கிப் போட்ட பழைய கார்கள் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்று வாரிசுகள் அழைத்திருந்தார்கள். போனவர்கள் கண்டது ஏறத்தாழ 60 கார்கள். பெரும்பாலானவை அவசரத்துக்குப் போட்ட தகரக் கொட்டகைகளின் கீழே, பக்கச் சுவர்கூட இல்லாமல், பல பத்தாண்டு மழையையும் குளிரையும் வாங்கிக்கொண்டு நின்றன. சில வண்டிகளுக்குள் கொடி படர்ந்திருந்தது. ஒரு கராஜில் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் குவிந்து கிடக்க, அவற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு ஃபெராரி நின்றது. 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், 1961. குட்டைச் சட்டமும் கண்ணாடி மூடிய முகப்பு விளக்குகளும் கொண்ட அந்த ரகத்தில் ஃபெராரி செய்தது மொத்தம் 37 வண்டிகள். இந்த ஒன்றை முன்பு வைத்திருந்தவர் நடிகர் அலன் டெலோன்.

இவற்றை வாங்கிச் சேர்த்தவர் ரோஜே பாயோன். லாரித் தொழிலில் சம்பாதித்தவர். 1947 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில், தானே வடிவமைத்த காரைக் கொண்டுபோய் நிறுத்தியவர். போருக்கு முந்தைய பெரிய பிரெஞ்சு வண்டிகளை யாரும் சீந்தாமல் காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டிருந்த 1950களில், அவற்றை மீட்டுப் புதுப்பித்து ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். டால்போ-லாகோக்களும் டெலாஹேக்களும் வந்து சேர்ந்தன. 1970களில் தொழில் நொடித்தது. ஐம்பது கார்கள் அளவுக்கு விற்கப்பட்டன. மிச்சம் நின்ற இடத்திலேயே நின்றது. அவரும் போனார், அவருக்குப் பின் மகனும் போனார்.

2015 பிப்ரவரி 6 அன்று ரெத்ரோமொபில் கண்காட்சியில் ஏலம் நடந்தபோது, ஆர்ட்குரியால் அந்த வண்டிகளைக் கழுவவில்லை. துருவும் தூசியும் கிழிந்த இருக்கையும் உடைந்த விளக்குமாக, கொட்டகையில் கண்ட கோலத்திலேயே விளக்கொளியில் நிறுத்தினார்கள். ஃபெராரி 1 கோடியே 63 லட்சம் யூரோ அளவுக்குப் போனது. பாயோன் சேகரிப்பு மொத்தமும் சுமார் இரண்டரைக் கோடி யூரோ. அத்தனை பணத்தையும் ஃபெராரியின் தூசிக்கே கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த வண்டி பளபளவென்று இருந்திருந்தாலும் பெரும் விலை போயிருக்கும். ஆனால் அதே வளாகத்தில் நின்ற, இன்னொரு வண்டிக்கு உதிரி பாகமாவதற்கே தேறாத எலும்புக்கூடுகளுக்கும் கை உயர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவற்றை வாங்கியவர் மறுநாளே பெயிண்டைச் சுரண்ட ஆள் விட்டிருப்பார். 2015இல் வாங்கியவர்களில் பலர், இதைக் கழுவலாமா என்று ஒருமுறை யோசித்தார்கள். பழைய கார்களின் உலகில் வந்திருக்கும் மிகப் பெரிய மாற்றம் இந்தத் தயக்கம்தான். அது ஒரு மோஸ்தர் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கைவிடப்பட்ட வண்டி எப்படிச் சாகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். நிற்கும் கார் ஓய்வில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஓடுகிற காரைவிட நிற்கிற கார் வேகமாகக் கெடுகிறது. டேங்கிலுள்ள பெட்ரோலில் ஆவியாவது எல்லாம் ஆவியாகி, பிசின் போன்ற ஒரு கசடு தங்கி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அந்த ஈரம் சக்கரங்களில் உள்ள பிரேக் சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கிறது. இன்ஜினில் எந்த வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதன் வழியே ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு சேர்த்துத் துருவால் பற்றவைக்கிறது. வயரின் மேல் சுற்றிய துணியை எலி கடிக்கிறது, இருக்கைப் பஞ்சில் குட்டி போடுகிறது. போருக்கு முந்தைய பிரெஞ்சு, ஆங்கில வண்டிகளில் இன்னொரு கேடு உண்டு. அவற்றின் உடல், மரச் சட்டத்தின் மேல் தகட்டைப் போர்த்திச் செய்தது. ஆஷ் மரம் உளுத்துப் போன பிறகும் தகடு வடிவம் மாறாமல் நிற்கும். கதவைத் திறக்கும்போதுதான் அது எதையும் பற்றிக்கொண்டிருக்கவில்லை என்று தெரியும்.

உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், தேங்காய் மட்டைக்கும் உரமூட்டைக்கும் பின்னால் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வெளியே எடுத்தபோது நான் அருகில் இருந்தேன். வண்டிக்கு உரிமையாளரான இளைஞர் கோவையில் வேலை பார்ப்பவர். கார் அவருடைய தாத்தாவுடையது. கையோடு புது பேட்டரி வாங்கி வந்திருந்தார். மெக்கானிக் அதை ஓரமாக வைக்கச் சொன்னார்.

"பேட்டரியத் தொடாதீங்க தம்பி. செல்ஃப் அடிச்சு ரிங்கு ஒடஞ்சுதுன்னா அப்பறம் சிலிண்டர் போருக்குத்தானுங் போகோணும்."

பிளக் நான்கையும் கழற்றி, துளைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். துணியால் அடைத்தார். போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்து மறுபடி ஊற்றினார், மறுபடி போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது வண்டியை டாப் கியரில் போட்டு, பின்னால் தோள் கொடுத்து, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டச் சொன்னார். தான் மட்டும் பானட்டுக்குள் குனிந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெரால்டின் பானட், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். இன்ஜின் முழுக்க வெளியே தெரியும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்படி உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கையை உயர்த்தினார். ஃபேன் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் அன்றைக்கு எதையும் செய்ய விடவில்லை.

இந்தப் பொறுமையைத்தான் புதுப்பித்தலின் முதல் பாடம் என்று நினைக்கிறேன். இன்ஜினைப் பொறுத்தவரை யாருக்கும் குழப்பமில்லை. அது சுழல வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், வயர் தீப்பற்றக் கூடாது. அங்கே எதை மாற்ற வேண்டுமோ அதை மாற்றியே ஆக வேண்டும். சிக்கல் தோலுக்கு வரும்போதுதான் ஆரம்பிக்கிறது. அந்த ஹெரால்டின் வலது கதவில், ஜன்னல் விளிம்பை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு வெளிர்நீலப் பெயிண்ட் தேய்ந்து, அடிப்பூச்சின் செம்பழுப்பும் தேய்ந்து, ஒரு புள்ளியில் தகடே தெரிந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே ஊன்றி ஓட்டியவரின் தடம். டேஷ்போர்டில் ஒரு சிறிய பழனி முருகன் தகடு, இரண்டு ஸ்குரூ வைத்து முடுக்கியது. அதைச் சுற்றி மரத்தில் திருநீற்றுக் கறை.

டிங்கரிங் செய்ய வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பட்டி பார்த்து அடித்துவிட்டால் ஷோரூமிலிருந்து வந்த வண்டி மாதிரி ஆகிவிடும் என்றார். தப்பில்லை, அவர் தொழிலில் நல்ல வேலை என்றால் அதுதான் பொருள். முருகன் தகட்டைக் கழற்றி ஸ்குரூ ஓட்டையை அடைத்துவிடலாமா என்று இளைஞர் கேட்டார். கம்பெனியிலிருந்து வந்தபோது அது இல்லையே என்பது அவர் வாதம். மெக்கானிக்தான் பதில் சொன்னார்: "இது உங்க தாத்தன் கையி தேச்ச எடமுங்க. அடிக்கறது ஒரு நாள் வேலை. பாத்து முடிவு பண்ணுங்க."

எந்த நாளுக்குத் திருப்புவது? புதுப்பிப்பவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் அதைக் கேட்டுக்கொள்வதே இல்லை, தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாள் என்று தானாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வண்டிக்கு அந்த ஒரு நாள் மட்டும்தானா உண்மையான நாள்? அது பந்தயத்தில் ஓடிய நாள், கல்யாண ஊர்வலம் போன நாள், விபத்தில் அடிபட்டு வேறு கதவு மாட்டிய நாள், கடைசியாகச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிய நாள் எல்லாம் வண்டியின் மேல் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை சுரண்டப்பட்டுப் போகும்.

இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. வழக்கின் பொருள், 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். 1929இலும் 1930இலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் வூல்ஃப் பர்னாட்டோ. அதன்பின் அதன் சட்டம், அச்சு, உடல் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தன. 8 லிட்டர் இன்ஜின் ஏறியது. 1932இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தின் சரிவிலிருந்து பறந்து விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். சிதைந்த வண்டி மறுபடி கட்டப்பட்டு மூடிய கூப்பே ஆனது. பல ஆண்டுகள் கழித்து, வேறு கைகளில், மறுபடி லெ மான் தோற்றத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு கோடி பவுண்டு விலை பேசிய பிறகு, வாங்கியவர் தரப்பு பின்வாங்கியது. 1929இல் ஓடிய வண்டியில் இதில் என்ன மிச்சம் என்று கேட்டது. நியாயமான கேள்வி. பாகம் பாகமாக எண்ணிப் பார்த்தால் மிச்சம் மிகச் சொற்பம்.

நீதிபதி ஓட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பந்தயத்தில் ஓடிய அசல் நிலையில் அது இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த வண்டி எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போய் வேறெங்கோ புதிதாகப் பிறக்கவில்லை; உடைந்தும் திருந்தியும் மாறியும் ஒரே தொடர்ச்சியாக வாழ்ந்து வந்திருக்கிறது; ஆகவே அந்தப் பெயருக்கு அதற்கு உரிமை உண்டு என்றார். கார்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. அசல் என்பதைப் பாகங்களின் பட்டியலிலிருந்து எடுத்து வரலாற்றின் கையில் கொடுத்தது. அதே தர்க்கத்தை ஓர் அடி நீட்டினால், மாற்றங்களையும் சேர்த்தேதான் அந்த வண்டி. மாற்றங்களைத் துடைத்துவிட்டுப் பழைய தோற்றத்தை மட்டும் மீட்டெடுப்பவர், தொடர்ச்சியைத்தான் அறுக்கிறார்.

எதிர்த் திசையில் கடைசி எல்லைக்குப் போன கார் ஒன்று இருக்கிறது. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே கிடக்கும் மஜோரே ஏரியின் அடியில், அஸ்கோனா ஊருக்கு எதிரே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடந்த 1925ஆம் வருட புகாட்டி பிரெசியா. சுங்க வரி கட்டாமல் விட்டுப்போன வண்டி. 1930களில் சுங்க அதிகாரிகள் அதை ஒழித்தாக வேண்டிய நிலையில் சங்கிலி கட்டி ஏரிக்குள் இறக்கினார்கள். சங்கிலி இற்று அறுந்து கார் அடிக்குப் போனது. 1967இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். 2008இல் லோகார்னோவில் தமியானோ தமாஞி என்ற இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டபோது, அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளைக்கு நிதி திரட்ட முக்குளிப்பவர் சங்கம் அந்தக் காரை மேலே எடுத்து விற்பது என்று முடிவு செய்தது. 2009 ஜூலையில் கரையேறியது. 2010 ஜனவரியில் பாரிஸில் 2,60,500 யூரோவுக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின் வாங்கினார். அதில் மீட்கத் தக்கது ஐந்தில் ஒரு பங்குதான். மல்லின் நினைத்திருந்தால் அந்த ஒரு பங்கை வைத்து நான்கு பங்கைப் புதிதாகச் செய்து ஓட்டியிருக்கலாம். பழைய புகாட்டிகளுக்கு அத்தனை பாகங்களையும் வார்த்துக் கொடுக்கும் பட்டறைகள் ஐரோப்பாவில் உண்டு. அவர் அதைத் தொடவில்லை. துருப்பிடித்த, ஒரு பக்கம் கரைந்தே போன அந்த உருவத்தைக் கலிஃபோர்னியாவில் தன் அருங்காட்சியகத்தில் அப்படியே வைத்தார். சரியான முடிவு. அந்தக் காருக்கு மிகப் பெரிய நாள்கள் ஏரிக்கு அடியில் கழிந்தவையே.

எல்லா வண்டியையும் இப்படி விட்டுவிடலாமா என்றால், கூடாது. தகரக் கொட்டகையில் மட்கிய பாயோனின் டால்போக்களைப் பார்க்கும்போது எனக்குப் பரவசம் எதுவும் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது. ஒருவர் காப்பாற்ற நினைத்து வாங்கி, காப்பாற்ற முடியாமல் போன சோகம் அது. அங்கே படிந்த துருவைப் போற்றுவதில் பொருளில்லை. சட்டம் அரித்துப்போனால் வெட்டிப் பற்றவைக்கத்தான் வேண்டும். உளுத்த மரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் வைக்கத்தான் வேண்டும். அதோடு, தகட்டைச் சுத்தியலாலும் உருளையாலும் வளைத்து ஒரு மட்கார்டை உருவாக்கும் கையும், லேத்தில் நின்று இல்லாத ஒரு பாகத்தைக் கடைந்து எடுக்கும் கையும் இந்தப் பழைய வண்டிகளால்தான் உயிரோடு இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனால் நஷ்டம் காரோடு நிற்காது.

நான் சொல்வது வேறு. பழைய பெயிண்டை உரித்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அன்றைய செல்லுலோஸ் பூச்சுக்கு இருந்த மென்மையான மினுக்கம் இன்றைய இரண்டடுக்குப் பூச்சில் வராது. எவ்வளவு செலவழித்தாலும் அது இன்னொரு மினுக்கம். தோலும் துணியும் அப்படித்தான். ஆகவே இயங்கும் பாகங்களில் தாராளமாகவும், கண்ணுக்குத் தெரியும் பரப்பில் கஞ்சத்தனமாகவும் கை வைக்க வேண்டும். பழம்பெரும் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் டூரின் சாசனம் என்ற பெயரில் ஏறத்தாழ இதையே நெறியாக்கியது. கட்டடங்களுக்காக 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனமே அதற்கு முன்னோடி. முதலில் பேணு, பிறகு பழுது நீக்கு, வேறு வழியே இல்லாதபோது புதுப்பி, செய்த ஒவ்வொன்றையும் எழுதி வை. ஒரு கோயில் கோபுரத்துக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கு ஒரு காருக்கும் பொருந்துகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்துவரும் கார் அழகுப் போட்டிதான் இந்தத் துறையின் உச்ச மேடை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதுகூட அப்படிப் பளபளத்திராத வண்டிகளே பல பத்தாண்டுகள் அங்கே பரிசு வாங்கின. 2024இல்தான் முதல்முறையாகப் புதுப்பிக்கப்படாத, பேணப்பட்ட கார் ஒன்று ஒட்டுமொத்த முதல் பரிசை வென்றது: 1934ஆம் வருட புகாட்டி டைப் 59. கிராண்ட் பிரீ பந்தயக் காராகப் பிறந்து, பின்பு சாலைக்கு ஏற்ப மாற்றப்பட்டு, பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் கைக்குப் போய், கறுப்பு உடலில் மஞ்சள் கோடு வாங்கிய வண்டி. பந்தய நாளின் பிரெஞ்சு நீலத்துக்கு அதைத் திருப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மன்னரின் கறுப்பும் அது வெடித்த வெடிப்பும் இருக்கட்டும் என்று வைத்திருந்தவர்களுக்குத்தான் பரிசு போனது.

இதையெல்லாம் ஐரோப்பியக் கோடீஸ்வரர்களின் கதையாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். ஹெரால்டு நம் ஊர் வண்டி. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த, இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி வடிவமைத்த அந்தக் காரை, 1960களில் சென்னையில், பெருங்களத்தூர் ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் கட்டியது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு உலகிலேயே இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. ஆலை இன்று இல்லை. வண்டிகள் இருக்கின்றன: மச்சு வீட்டுக் கார் ஷெட்டில், ரைஸ் மில் பின்கட்டில், தோட்டத்துச் சாளையில். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளுக்குப் போய்ப் பாகம் பாகமாகப் பிரிந்தவை போக மீதி. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனியே பதிவு செய்யலாம். அசல் வடிவம் என்ற சொல் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

உங்கள் குடும்பத்தில் அப்படியொரு வண்டி இருந்தால், பேட்டரி வாங்குவதற்கு முன், டிங்கரிங் ஆளைக் கூப்பிடுவதற்கு முன், அது நிற்கும் இடத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். இருக்கைக்கு அடியில் கிடக்கும் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதை ஓட்டியவர் உயிரோடு இருந்தால் எந்தெந்த ஊருக்குப் போனது, எப்போது எந்தக் கதவு மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிப்பதை ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள். அதன் பிறகும் அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடியுங்கள். அந்த வலது கதவை மட்டும் விட்டுவிடுங்கள்.